பொதி அவிழ்த்த கதை

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்கள் எல்லாரும் மூட்டை கட்டக் கற்றவர்கள். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, பித்தளைக் குடத்துக்குள் எதைத் திணித்தால் இடம் மிச்சமாகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மூட்டையை அவிழ்க்கும் வேளையைப் பற்றி மட்டும் எவரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவிழ்ப்பதில் என்ன இருக்கிறது, முடிச்சைத் தளர்த்தினால் பொருள் தானே வெளியே வந்துவிடாதோ என்று நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று எங்களுக்கு உணர்த்தியது ஒரு கணிப்பொறி நிரல். அதை எழுதியவர்களும் நாங்களே. அதைக் கொண்டு ஒரு வீட்டின் செல்வத்தை அழித்தவர்களும் நாங்களே.

அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் சித்தூரில் பிறந்தவர்கள், பிழைப்பு பெங்களூரில். வடஆர்க்காட்டிலிருந்து பிரித்த பகுதிகளையும் சேர்த்து 1911ஆம் ஆண்டில் அமைந்த மாவட்டம் சித்தூர். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது; சித்தூர் நகரம் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோட்டை வரைபவர்கள் வீடு வீடாகக் கேட்டு வரைய முடியாதுதான். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளி தெலுங்கு. பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத மொழியாகத் தமிழ் எங்களில் பலருக்கு ஆகிவிட்டது. திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. அதைக் கேட்டுக் கைகூப்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்று கேட்டால் விடை சொல்லக் கூச்சமாக இருக்கும்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, கிரீம்ஸ்பேட்டையிலுள்ள எங்கள் பெரியம்மா தெருப்பிள்ளைகள் ஐவரைக் கூடத்தில் உட்கார வைத்து 'அ' எழுதக் கற்பித்தார். ஐவர் பதினால்வர் ஆயினர். பாடநூல் வாங்க வழியில்லை. பெரியப்பா காலத்துக் கணிப்பொறி ஒன்று இருந்தது. அதில் படிக்கத் தமிழ் நூல்கள் வேண்டும் என்று பெரியம்மா கேட்டார். திருப்பதியில் எங்கள் சிற்றப்பா வீட்டிலும், அவர்களுக்குத் தெரிந்த வேறு சில வீடுகளிலும் அதே தேவை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று கோப்புகளைப் படியெடுத்துத் தருவது ஊரடங்கில் ஆகாத காரியம். ஆகவே ஒரு நிறுவி எழுத முற்பட்டோம். பெரியம்மா ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நிரல் தானே இணையத்திலிருந்து நூற்பொதியை இறக்கி, அவிழ்த்து, எழுத்துருவையும் விசைப்பலகையையும் நூல்களையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். புதிய நூல்கள் சேர்ந்தால் அவற்றையும் தானே கொண்டுவர வேண்டும். எங்கள் திட்டம் இவ்வளவே.

பொதிக்குள் வைக்கப் பொருளுக்குக் குறைவில்லை. கணிப்பொறித் தமிழ் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் இட்ட வித்து. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புத் திருத்தியும் உலகுக்குக் கொடையாக வைத்தனர். அக்காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை முதலில் இறக்கி நிறுவாவிட்டால் திரையில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை தோன்றும். வெளிநாட்டில் அந்நாளில் தமிழ் படிக்க முயன்ற அன்பர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் எவருக்கும் வழங்கலாம் என்பது மதுரைத் திட்டத்தின் ஒரே வேண்டுகோள். முகப்போடு அந்நூல்களை எங்கள் பொதியில் சேர்த்தோம்.

இனி, பொதி கட்டும் வித்தையைச் சிறிது சொல்ல வேண்டும். அதை அறியாவிட்டால் பின்னால் நேர்ந்த தீங்கு விளங்காது.

பழைய கணக்குப்பிள்ளைகளின் பேரேட்டைப் பார்த்தவர்கள் '௸' என்ற குறியை அறிவர். மேற்படி என்பதன் சுருக்கம் அது. ஒரே பெயரைப் பத்து வரியில் பத்து முறை எழுதும் சலிப்பிலிருந்து கணக்கர்களைக் காத்த குறி. பாட்டுப் புத்தகங்களிலும் ஒவ்வொரு சரணத்தின் ஈற்றிலும் பல்லவியை முழுதும் அச்சிடாமல் அதன் முதற்சொல்லோடு நிறுத்துவார்கள். ஹைஃபா நகரத்துத் தெக்னியான் கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், யாக்கோபு சிவ் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட முறையும் அடிப்படையில் இந்த மேற்படிதான். வேறுபாடு என்னவென்றால், அவர்களுடைய மேற்படிக்கு முகவரி உண்டு. 'இங்கிருந்து முந்நூற்று நாற்பது எழுத்து பின்னே போ. அங்கிருந்து இருபத்தைந்து எழுத்தை எடுத்துக்கொள்' என்று அது சொல்லும். அறிஞர் இருவரும் 2023ஆம் ஆண்டில் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். இதனோடு, அடிக்கடி வருவனவற்றுக்குக் குறுகிய குறியீடும் அருகி வருவனவற்றுக்கு நீண்ட குறியீடும் தரும் டேவிட் ஹஃப்மன் முறையை (1952) இணைத்தால், இன்று உலகெங்கும் ஓடும் 'ஜிப்' கோப்பின் உயிர்நிலை கிடைத்துவிடும். அக்கோப்பமைப்பை 1989இல் வெளியிட்ட ஃபில் காட்ஸ் அதன் இலக்கணத்தைப் பூட்டி வைக்கவில்லை. பூட்டியிருந்தால் எங்களைப் போன்றவர்கள் கைவைத்திருக்க முடியாது.

தமிழுக்கு இம்முறை பெரிதும் இசைந்தது. காரணம் சற்று வேடிக்கையானது. யூனிகோடில் தமிழ் எழுதி, யூ.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு இடம் ஆகும். ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும். 'மொ' என்னும் ஓர் எழுத்துக்கு மகரமும் கொம்புக்காலுமாக ஆறு பைட்டு. இது அநீதி என்று சினந்தவர்கள் உண்டு. ஆனால் அம்மூன்றில் முதற்பைட்டு எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டு மதிப்புகளில் ஏதேனும் ஒன்று. மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். பெருங்குடும்பத்தில் எல்லார் பெயருக்கு முன்னும் அதே ஊர்ப்பெயரும் அதே தந்தை பெயரும் நிற்பதைப் போல. அந்த முன்னொட்டெல்லாம் மேற்படிக்குள் அடங்கிவிடும். எங்கள் நூல்கள் கட்டியபின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. எழுத்துருவும் படங்களும் சேர்ந்து மொத்தப் பொதி 64 மெகாபைட்டு ஆயிற்று.

இம்முறையின் பலவீனமும் அதன் வலிமைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு முன் வந்ததைச் சார்ந்து நிற்பதால், நடுவில் ஓரிடம் கெட்டால் அதன்பின் வருவன யாவும் நம்பத்தகாதவை ஆகிவிடும். மேலும், ஜிப் கோப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. இறக்கம் பாதியில் நின்றால் கைக்குக் கிடைப்பது பொருளடக்கம் இல்லாத ஒரு பிண்டம். அதைத் திறக்கவே வழக்கமான நிரல்கள் மறுக்கும்.

திருப்பதியில் அதுதான் நடந்தது. 2021ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நிறுவியின் முதற்பதிப்பை வெளியிட்டோம். தொடக்கத்தில் எல்லா வீடுகளிலும் ஒழுங்காக ஓடியது. அவ்வாண்டு நவம்பரில் திருப்பதியைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதன்பின் சிற்றப்பா வீட்டுக் கம்பிவழி இணையம் பல மாதம் சரியாகவில்லை. கைப்பேசியின் இணையத்தைக் கணிப்பொறிக்குப் பகிர்ந்து காலம் தள்ளினார்கள். 2022 மாசி மாதத்தில் நாங்கள் புதிய நூல்களோடு அடுத்த பொதியை ஏற்றினோம். சிற்றப்பா வீட்டில் நாற்பது மெகாபைட்டு வரும், நிற்கும், மறுநாள் முதலிலிருந்து தொடங்கும், மறுபடி நிற்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வழங்கியைக் கேட்பதற்கு முறை உண்டு. 'இத்தனையாவது பைட்டிலிருந்து தருக' என்றால் போதும். அதை எழுத நாங்கள் சோம்பியிருந்தோம். சித்தி தொலைபேசியில், "உங்க பொதி வரவும் இல்லை, போகவும் இல்லை, வாசப்படியிலேயே நிக்குது" என்றார். எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

சித்தூரில் நிலைமை வேறு. அங்கு இணையம் நன்றாக இருந்தது. பொதி முழுதாக இறங்கியது. நிறுவி 'வெற்றி' என்று அறிவித்தது. அன்று மாலை பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்பா, புதுப் புத்தகமெல்லாம் வந்திருக்கு. நான் வெச்சது எங்கே?"

எங்களுக்கு முதலில் பொருள் விளங்கவில்லை. பெரியம்மா நூல்களைப் படிப்பதோடு நிற்கவில்லை என்பதை அப்போதுதான் முழுமையாக அறிந்தோம். பிள்ளைகளுக்காகத் தாமே பாடம் எழுதியிருந்தார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, விடுகதை என்று தெருவில் முதியவர்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சிட்டு வந்திருந்தார். 112 கோப்புகள். எதிர்வீட்டு ஆயா ஒருவர், குடியாத்தம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் மார்கழியில் உட்கார்ந்து நீண்ட கும்மிப் பாட்டொன்றை நான்கு நாள் சொல்லியிருக்கிறார். தை மாதத்தில் அந்த ஆயா காலமாகிவிட்டார்.

அக்கோப்புகளைப் பெரியம்மா சேமித்தது எங்கள் நூலகக் கோப்புறைக்குள். அவர்மேல் குற்றம் இல்லை. சேமி என்று அழுத்தினால் அந்த இடத்தைத்தான் எங்கள் நிரல் முதலில் காட்டும். நிறுவியோ, புதுப் பொதி இறங்கியதும் அதைத் திறந்து பார்க்கும். திறந்தால், பழைய கோப்புறையை அடியோடு நீக்கிவிட்டு அவ்விடத்தில் புதியதை அவிழ்க்கும். பழையதும் புதியதும் கலந்து குழம்பக்கூடாது என்று நாங்களே சிந்தித்து வைத்த 'ஒழுங்கு' அது. குடிவந்தவர்கள் வீட்டுக்காரரின் பெட்டியைத் தெருவில் எறிந்துவிட்டுத் தங்கள் பெட்டியை அடுக்கிய கதை.

அன்றிரவே சித்தூருக்குப் புறப்பட்டோம். கணிப்பொறியை உடனே அணைக்கச் சொல்லியிருந்தோம். அழித்த கோப்பின் எழுத்துகள் வட்டில் உடனே மறைவதில்லை, அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். வட்டைக் கழற்றி, வேறு கணிப்பொறியில் பூட்டி, கோப்புகளின் பெயரைப் பாராமல் பைட்டுகளையே வரிசையாகத் துழாவினோம். தமிழைக் கண்டுபிடிப்பது எளிது. முன்னர்ச் சொன்ன அந்த முன்னொட்டு எங்கெல்லாம் மூன்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கெல்லாம் தமிழ் இருக்கிறது. பதினோரு மணிநேரம் ஓடியது. ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் ஆவலோடு திறந்தால், எல்லாம் நாங்கள் இறக்கிய நூல்கள்! எங்கள் பொதியின் எழுத்துகளே பெரியம்மாவின் எழுத்துகளின்மேல் படிந்துவிட்டன. கும்மிப் பாட்டில் ஆறு வரிகள் மட்டும் தலையும் காலும் இன்றிக் கிடைத்தன. பெரியம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, "இது நடுவாந்தரம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு அவரே நினைவுகூர்ந்தார். தீபாவளிக்குத் திருப்பதி சென்றபோது தம் பாடங்களை ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்று சிற்றப்பா வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறார். அங்கும் அதே நூலகக் கோப்புறைக்குள்தான். அங்கே நம் பொதி வாசற்படியிலேயே நிற்கிறது. ஆகையால் பழையது இன்னும் நீங்கியிருக்காது. இதை எண்ணி மகிழ்ந்த மறுகணமே எங்களுக்கு வியர்த்தது. நிறுவி ஒவ்வொரு தொடக்கத்திலும் மறுபடி முயலும்படி எழுதப்பட்டது. என்றேனும் ஒரு காலையில் இணையம் சற்று நன்றாக இருந்தால் போதும். வழங்கியிலிருந்து பொதியை உடனே அகற்றினோம். ஆயினும், அது முந்திய நாளே முழுதாக இறங்கி, அடுத்த தொடக்கத்துக்காகக் காத்திருந்தால்? சித்தியை அழைத்து, "கணிப்பொறியைத் தொடவே தொடாதீர்கள், நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம்" என்றோம். "பாம்பா புகுந்திருக்கு?" என்று கேட்டார் சித்தி. ஏறத்தாழ அப்படித்தான்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர். பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போனோம். எங்கள் மாவட்டத்துக் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் ஆலைக்குச் சென்று கூழாகிக் கடல்கடந்து போகிறது. அதுவும் ஒருவகைச் சுருக்கம்தான். தோலையும் கொட்டையையும் நீக்கி, சில வேளை நீரையும் வற்றச் செய்து, பையில் அடைத்தால் பாரம் குறையும். ஆனால் அந்தக் கூழிலிருந்து மாங்காயை மறுபடி உண்டாக்க எவராலும் ஆகாது. கணிப்பொறியிலும் அவ்வகை உண்டு. ஒலிக்கும் படத்துக்கும் காதும் கண்ணும் அறியாத சிலவற்றைக் கழித்துவிட்டுச் சுருக்குவார்கள். எழுத்துக்கு அது ஒவ்வாது. ஒரு புள்ளி குறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். இப்படியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது அறிவு வேட்கையால் அன்று. சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படும்வரை மனத்தை வேறெங்கேனும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சிற்றப்பா வீட்டுக் கணிப்பொறியை அதன் சொந்த இயக்குதளத்தில் தொடங்கவிடாமல், வேறோர் இயக்குதளம் கொண்ட பென் டிரைவால் தொடங்கினோம். நிறுவியின் இறக்கக் கோப்புறையில் நம் பொதி இருந்தது. 64க்கு 61 மெகாபைட்டு. இன்னும் மூன்று வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நூலகக் கோப்புறைக்குள் பெரியம்மாவின் பாடங்கள் 83 அப்படியே இருந்தன. எங்கள் நிரலின் எந்தக் குறையை எண்ணி நாணினோமோ, அக்குறைதான் அவற்றைக் காத்திருந்தது. மிச்சம் 29. அவற்றில் 18ஐப் பெரியம்மா பின்னர்க் குறிப்பேட்டிலிருந்தும் நினைவிலிருந்தும் மீட்டெழுதினார். பதினொன்று போனது போனதுதான். ஆயாவின் கும்மி அவற்றுள் ஒன்று.

மறுநாள் மலையேறினோம். தரிசன வரிசையில் நிற்கையில் சிற்றப்பா அன்னமாசாரியாரைப் பற்றிப் பேசினார். 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். திருவேங்கடமுடையான்மேல் ஆயிரமாயிரமாகத் தெலுங்குச் சங்கீர்த்தனங்கள் பாடியவர். அவருடைய வழித்தோன்றல்கள் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலிலேயே ஒரு சிற்றறையில் வைத்தனர். கற்கட்டிடத்துக்குள் செப்பில் எழுதிய பொதி! நூற்றாண்டுகள் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை வெளிவந்தன. அறிஞர்கள் படித்து அச்சேற்றினர். ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகத்தின் பெயர் இருக்கிறதே அன்றி, சுரம் இல்லை. பாடிய மெட்டு ஏட்டுக்கு வெளியே, பாடியவர்களின் தொண்டையில் இருந்தது. அது வழியில் நின்றுவிட்டது. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற இசைவாணர்கள் பின்னாளில் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்தனர். இன்று நாம் கேட்டு உருகுவன பெரும்பாலும் அத்தகைய புது மெட்டுகளே. இதைக் கேட்டபோது எங்களிடம் எஞ்சிய அந்த ஆறு வரிகள் நினைவுக்கு வந்தன. ஆயா அவற்றை எந்த மெட்டில் பாடினார் என்பதைப் பெரியம்மா அறிவார், கோப்பு அறியாது.

பெங்களூர் திரும்பியதும் நிறுவியை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினோம். இம்முறை, எங்களுக்கு முன் இவ்வழி சென்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். முன்னமே பார்த்திருக்க வேண்டும். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் இயக்குதளத்தில், பொதியை அவிழ்க்கும் நிரல் ஒவ்வொரு புதிய கோப்பையும் முதலில் வேறொரு தற்காலிகப் பெயரில் பழையதன் அருகே வைக்கிறது. முழுதாக வைத்தபின்பே பெயரை மாற்றுகிறது. பெயர் மாற்றம் என்பது ஒரே நொடியில் நிகழும் செயல். அது நடந்திருக்கும் அல்லது நடந்திராது, இடைநிலை இல்லை. வீட்டுக்காரர் கைவைத்துத் திருத்திய அமைப்புக் கோப்பு எனக் கண்டால், அதைத் தானாக அழிக்காமல் அவரையே கேட்கிறது. எங்கள் பிறவிக்குற்றத்துக்கு மருந்து ஒரு தலைமுறைக் காலமாக உலகின் முன் திறந்து கிடந்தது. தமிழ் நூலக நிறுவிக்கும் அதற்கும் என்ன உறவு என்று நாங்கள்தான் திரும்பிப் பாராமல் இருந்தோம்.

புதிய நிறுவி ஒரு பொருட்பட்டி வைத்துக்கொள்கிறது. தான் வைத்த ஒவ்வொரு கோப்பின் பெயரும், அதன் 'ஷா-256' முத்திரையும் அதில் இருக்கும். ஒரு கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் அரைத்து 64 இலக்கமாகத் தரும் முத்திரை அது. ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். இறங்கிய பொதியின் முத்திரை ஒத்தாலன்றி அதைத் திறப்பதில்லை. திறந்தால் நூலகத்துக்குள் அன்று, அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோப்புறையில் அவிழ்க்கிறது. பிறகு நூலகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது: பட்டியில் உள்ளதும் முத்திரை மாறாததும் நம்முடையது, மாற்றலாம். பட்டியில் இருந்தும் முத்திரை மாறியிருந்தால் யாரோ எழுதியிருக்கிறார், அதை விட்டுவிட்டுப் புதியதை வேறு பெயரில் அருகே வை. பட்டியிலேயே இல்லாதது வீட்டாருடையது, தொடாதே. விட்ட இடத்திலிருந்து இறக்கத்தைத் தொடரும் வழியையும் எழுதினோம். கோப்பின் பெயருக்குள் 'மேல் கோப்புறைக்குப் போ' என்ற குறியை ஒளித்து வைத்துப் பொதிக்கு வெளியே எழுதும் வஞ்சகம் ஒன்று 2018இல் உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கும் ஒரு காவல் போட்டோம்.

இத்தனைக்கும் பிறகு பெரியம்மாவிடமிருந்து மறுபடி அழைப்பு. "குறுந்தொகை ரெண்டா இருக்குப்பா. எது நிஜம்?" திரையில் ஒரே பெயர் இருமுறை நின்றது. கணிப்பொறியில் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயர் இருமுறை நிற்க முடியாது என்பது பாலபாடம். இரண்டு இரவு தேடியபின் கள்ளன் அகப்பட்டான்: 'தொ'. கொம்புக்காலை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னே கொம்பும் பின்னே காலுமாக இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. அக்காளின் பழைய மேக் கணிப்பொறி, கோப்பின் பெயரில் வரும் அக்குறியைத் தானாகவே இரண்டாகப் பிரித்து வைக்கும் இயல்புடையது. தம்பியின் கணிப்பொறி பிரிப்பதில்லை. முதற்பொதி தம்பி கட்டியது, அடுத்தது அக்காள் கட்டியது. ஆகவே நிறுவி பழைய குறுந்தொகையை 'வீட்டாருடையது' என்று மரியாதையாக விட்டுவிட்டுப் புதிய குறுந்தொகையைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. பெயர்களை ஒப்பிடுமுன் இரு வடிவையும் ஒன்றாக்கிக்கொள்ளும் இரண்டு வரியில் அது தீர்ந்தது. தமிழ் எழுதாத ஊரில் எழுதப்பட்ட எந்தப் பாடநூலும் இக்கள்ளனை எங்களுக்குக் காட்டியிருக்காது.

ஒலிப்பொதி அதன்பின் வந்த எண்ணம். தெருவிலுள்ள முதியவர்கள் பாடுவதைப் பெரியம்மா இப்போது கைப்பேசியில் பதிவு செய்கிறார். முதலில் அவற்றையும் நூல்களோடு ஜிப்பில் கட்டினோம். ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே சாறு பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் இடுவதைப் போன்றது அது. அளவு அப்படியே இருந்தது. ஆகவே ஒலியைத் தனிப்பொதியாக்கி, வேண்டியவர்கள் மட்டும் இறக்கும்படி வைத்தோம். கும்மியின் ஆறு வரிகளைப் பெரியம்மாவே பாடிக் கொடுத்திருக்கிறார். நாற்பது நொடிக்கும் குறைவு. நடுவில் ஓரிடத்தில் தடுமாறி, "இல்லையே, ஆயா இங்கே இழுப்பாங்களே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு திரும்பப் பாடுகிறார். அதை வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டதற்கு அக்காள் கூடாது என்றார், அப்படியே இருக்கிறது.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எங்கள் பட்டியில் ஒரே மாவட்டமாக இருந்த வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. நிறுவிக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. இவ்வளவு காலத்தில் புதிய நிறுவி எந்த வீட்டிலும் எதையும் அழிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முடிவில், 'உங்கள் கோப்புகள் 139 தொடப்படவில்லை' என்று எண்ணிச் சொல்லும்படி செய்திருக்கிறோம். எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும், சித்தூரில் இப்போது 139.

பெரியம்மா அதைப் படிக்கிறார். படித்தாலும், புதுப்பொதி வருகிறதென்று நாங்கள் சொன்ன உடனே எழுந்து போய்த் தம் பாடங்களைப் பென் டிரைவில் படியெடுத்து, அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சமையலறை அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்கும் கிண்ணத்துக்குள் புதைத்துவிட்டு வந்துதான் பொத்தானை அழுத்துகிறார். சென்ற முறை நாங்கள் அருகில் இருந்தபோதும் அப்படியே செய்தார்.

"இனிமேல் தேவையில்லை, பெரியம்மா" என்றோம்.

"சரிப்பா" என்றவர், கிண்ணத்தின் மூடியை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.